அரை இஞ்சு மரையின் கதை



நம்ம பேச்சுல 'குழாய்'ங்கிற ஒரே சொல்லு ரெண்டு வேலை பார்க்குது. "ரோட்டோரமா குழாய் பதிக்கிறாங்க"ன்னா அது பைப்பு. "குழாயை மூடு, தண்ணி வீணாப் போகுது"ன்னா அது திருகற சாமான். பேசறப்ப எது எதுன்னு நமக்குக் குழப்பமே வர்றதில்லை. ஆனா பழைய வீட்டுல குழாய் மாத்தற வேலை வந்துட்டா ரெண்டையும் பிரிச்சுப் பார்த்தாகணும். வெளியில தெரியறதை மாத்தறது அரை மணி நேர வேலை. செவத்துக்குள்ள இருக்கிறதை மாத்தறதுன்னா வீட்டையே பேத்தெடுக்கிற வேலை. அதனால இந்தப் பதிவு முழுக்க உள்ள இருக்கிறதைப் பைப்புன்னும், வெளியில திருகறதைக் குழாய்ன்னும் சொல்றேன்.

இந்த ரெண்டும் சேர்ற எடத்துல ஒரு மரை இருக்குது. விரல்ல ஒரு கணு நீளம்கூட வராது. எங்க தோட்டத்துச் சாளையில அப்பாரு காலத்துல பதிச்ச இரும்புப் பைப்புல, இந்த வருசம் கடையில வாங்கின குழாய் மறுபேச்சு இல்லாம போய் உக்காந்துச்சு. பைப்பு செஞ்சவங்களும் குழாய் செஞ்சவங்களும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே கிடையாது. நடுவுல 50 வருசம் போயிருக்கு. அப்புறம் எப்படிப் பொருந்துச்சு? அந்தக் கேள்வியைப் புடிச்சுக்கிட்டுப் போனா ஏரித் தூம்பு, ரோமாபுரி, இங்கிலாந்துப் பட்டறைன்னு எங்கெங்கயோ கொண்டு போய் விடுது.

தூம்பும் கவலையும்

தண்ணியை அடைச்சு வச்சு, வேணுங்கிறப்பத் திறந்து விடற வித்தை நமக்குப் புதுசில்லைங்க. ஏரிக்குள்ள கரையோரமா ரெண்டு கல்தூண் ஜோடியா நிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அதுதான் குமிழித் தூம்பு. தண்ணிக்கு அடியில ஒரு கல்தொட்டி இருக்கும். தொட்டியை மூடின கல்லுல ஒரு துளை. அந்தத் துளையை அடைக்க ஒரு குமிழி. குமிழியில இருந்து மேல வர்ற தண்டைத் தூக்கினா துளை திறந்து, தண்ணி தொட்டிக்குள்ள இறங்கி, கரைக்கு அடியில போற கல்வாய்க்கால் வழியா வயலுக்குப் போகும். தண்டை இறக்கினா மூடிக்கும். பல்லவர், பாண்டியர் காலத்துக் கல்வெட்டுகள்லயே தூம்பு வச்ச சேதி இருக்குது. ஆயிரம் வருசத்துக்கு மேலான வேலை.

எங்க கொங்குப் பக்கம் பெரும்பாலும் கிணத்துப் பாசனம். கவலை எறைச்ச காலத்துல சாலுக்கு அடியில தோல் வால் ஒண்ணு தொங்கும். சால் மேல ஏறி வர்றப்ப வால் கயிறு அதை மடக்கிப் புடிச்சிருக்கும், தண்ணி சிந்தாது. மேட்டுக்கு வந்ததும் வால் விரிஞ்சு வாய்க்கால்ல கொட்டும். அதுவும் ஒரு வகையில திறந்து மூடற குழாய்தான்.

ஆனா வீட்டுக்குள்ள யாருக்கும் குழாய் தேவைப்படலை. எங்க அப்பத்தா காலத்துல சேந்து கிணத்துல எறைச்சுத் தவலையிலயும் பொடக்காளித் தொட்டியிலயும் ஊத்தி வச்சா, சொம்புல மொண்டுக்கலாம். குடத்துத் தண்ணி தானா ஓடப் போறதில்லை. அழுத்தத்தோட ஓயாம வந்துக்கிட்டே இருக்கிற தண்ணிக்குத்தான் வாயைக் கட்ட ஒரு சாமான் வேணும். குழாயோட கதை பைப்போட கதைக்குப் பின்னாடி வர்றது அதனாலதான்.

ஈயப் பைப்பும் ரோமாபுரியும்

வீட்டுக்குள்ள பைப்பு போட்டுத் தண்ணி கொண்டு வந்ததுல ரோமானியர்கள் பெரிய ஆளுங்க. அவங்க பைப்பு ஈயம். லத்தீன்ல ஈயத்துக்குப் 'பிளம்பம்'னு பேரு. நாம கூப்பிடற 'பிளம்பர்'ங்கிற சொல்லு அதுல இருந்து வந்ததுதான். கி.பி. 79ல எரிமலைச் சாம்பல்ல புதைஞ்சு போன பாம்பேய் ஊரைத் தோண்டினப்ப ஈயப் பைப்புகளும் வெண்கலக் குழாய்களும் கிடைச்சுது. அந்தக் குழாய்க்குள்ள துளை போட்ட ஒரு கட்டை இருக்கும். கால் வட்டம் திருப்பினா துளை நேரா வந்து தண்ணி போகும், மறுபடி திருப்பினா அடைச்சுக்கும்.

கி.பி. 97ல ரோம் நகரத் தண்ணி நிர்வாகத்துக்குப் பொறுப்பேத்தவர் ஃபிரான்டினஸ். அவரு எழுதி வச்சது இன்னிக்கும் இருக்குது. வீட்டு இணைப்பு குடுக்கறப்ப இவ்வளவு அகலம்தான்னு அளந்து முத்திரை குத்தின வெண்கலத் துண்டை மாட்டணும்னு சட்டம். வேலையாளுங்களைச் சரிக்கட்டி முத்திரை இல்லாத பெரிய துண்டை மாட்டிக்கிட்டுக் கூடத் தண்ணி எடுக்கறாங்கன்னு அதுல வருத்தப்பட்டு எழுதியிருக்காரு. மெயின் பைப்புல மோட்டார் போட்டு உறிஞ்சற நம்மூரு ஆளுங்களுக்கு முப்பாட்டன்க அங்கயே இருந்திருக்காங்க. பைப்பும் குழாயும் சேர்ற அந்தத் துண்டு எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் ஒரு வீட்டோட தண்ணிப் பங்கு. அன்னிக்கும் அப்படித்தான்.

ரோமானிய ஈயப் பைப்புல நாம பார்க்கிற மரை கிடையாது. ஈயத்தை உருக்கி ஒட்டினாங்க. மாத்தணும்னா அறுக்கணும்.

துப்பாக்கிக் குழல்ல இருந்து பைப்பு

மரை போட்ட இரும்புப் பைப்பு தண்ணிக்காக வந்ததில்லைங்க, விளக்குக்காக வந்துச்சு. 1800க்கு அப்புறம் இங்கிலாந்துல நிலக்கரியில இருந்து எடுத்த வாயுவைத் தெருவிளக்குக்கும் ஆலை விளக்குக்கும் கொண்டு போக ஆரம்பிச்சாங்க. அதுக்குச் சின்னத் துளையோட, உறுதியான, நீளமான பைப்பு வேணும். அப்ப அந்த மாதிரி சாமான் துப்பாக்கிக் குழல் ஒண்ணுதான். பழைய துப்பாக்கிக் குழல்களை ஒண்ணோட ஒண்ணு மாட்டி வாயு கொண்டு போனதாச் சொல்வாங்க. துப்பாக்கிக் குழலுக்கு இங்கிலீசுல 'பேரல்'. ஹார்டுவேர் கடையில 'பேரல் நிப்பிள் ஒண்ணு குடுங்க'ன்னு கேக்கறமே, அந்தப் பேரலும் இதே சொல்லுதான்.

1825ல கார்னீலியஸ் ஒயிட்ஹவுஸ்ங்கிறவர் பழுக்கக் காய்ச்சின இரும்புப் பட்டையை ஒரு அச்சு வழியா இழுத்து, ஓரங்கள் தானா ஒட்டிக்கிற மாதிரி நீளமான பைப்பு செய்ய வழி கண்டுபுடிச்சுக் காப்புரிமை வாங்கினாரு. அதுக்கப்புறம் இரும்புப் பைப்பு மலிவாச்சு. ஆனா துருப்புடிச்சுது. 1837ல பிரான்சுல சோரெல்ங்கிறவர் உருக்கின துத்தநாகத்துல இரும்பை முக்கி எடுக்கிற முறைக்குக் காப்புரிமை வாங்கினாரு. அதுதான் கால்வனைசிங். நம்ம 'ஜி.ஐ. பைப்பு'ல வர்ற ஜி அந்தக் கால்வனைசிங்தான்.

இங்க பல பேருக்கு ஒரு சந்தேகம் வரும். அரை இஞ்சு பைப்புன்னு சொல்றோம், டேப் வச்சு அளந்தா எங்கயுமே அரை இஞ்சு வராது. வெளிப்பக்கம் 21 மில்லிமீட்டர் கிட்ட வரும். அது முக்கால் இஞ்சைவிட அதிகம். காரணம் என்னன்னா, அரை இஞ்சுங்கிறது அந்தக் காலப் பைப்போட உள்துளைக்கு வச்ச பேரு. அப்ப இரும்புப் பைப்போட செவரு கனம். பின்னால கனம் குறைஞ்சு உள்துளை கொஞ்சம் பெருசாச்சு. ஆனா வெளி அளவை யாரும் தொடலை. தொட்டா மரை பொருந்தாது. கடையில 15 மில்லிமீட்டர்னு அச்சடிச்சிருந்தாலும் நாம அரை இஞ்சுன்னே கேட்டு வாங்கறோம், சரியாத்தான் குடுக்கறாங்க.

மரைக்கு ஒரு அளவு

1841க்கு முந்தி ஒவ்வொரு பட்டறைக்கும் ஒவ்வொரு மரை. இந்தப் பட்டறை போல்ட்டுக்கு அந்தப் பட்டறை நட்டு சேராது. ஒரு நட்டு தொலைஞ்சா செஞ்ச ஆளைத் தேடித்தான் போகணும். அந்த வருசம் ஜோசப் விட்வொர்த்ங்கிற மான்செஸ்டர் பட்டறைக்காரர் லண்டன் பொறியாளர் சங்கத்துல ஒரு கட்டுரை வாசிச்சாரு. நாட்டுல இருக்கிற முக்கியமான பட்டறைகள்ல இருந்து போல்ட்டுகளை வாங்கி அளந்து, சராசரி பார்த்து, எல்லாரும் இதையே வச்சுக்கலாம்னு சொன்னாரு. மரையோட பல்லு 55 டிகிரி சாய்வு. எந்த அளவு போல்ட்டுக்கு இஞ்சுக்கு எத்தனை பல்லுன்னு ஒரு பட்டியல். ரயில்வேக்காரங்களும் கப்பல்காரங்களும் ஏத்துக்கிட்டாங்க.

பைப்போட செவரு போல்ட்டு மாதிரி கெட்டி இல்ல, ஆழமா வெட்டினா ஓட்டையாயிரும். அதனால அதே 55 டிகிரியில, பல்லைக் கொஞ்சம் நெருக்கமா வச்சாங்க. அரை இஞ்சு விட்வொர்த் போல்ட்டுக்கு இஞ்சுக்கு 12 பல்லு, அரை இஞ்சு பைப்புக்கு 14 பல்லு. முக்கால் இஞ்சு பைப்புக்கும் 14. ஒரு இஞ்சுக்கு 11. இந்த எண்ணிக்கை இன்னிக்கு வரைக்கும் மாறலைங்க. நம்ம நாடு 1950களின் கடைசியில மீட்டர், கிலோ, நயா பைசான்னு எல்லாத்தையும் மாத்துச்சு. சேரும் வீசையும் போயிருச்சு. பைப்பு மரை மட்டும் அப்படியே நின்னுருச்சு. இப்ப இந்தியத் தர எண் ஐ.எஸ். 554ல இருக்கிறதும் அந்த மரைதான்.

அமெரிக்காக்காரன் மட்டும் தனி வழி. அவன் மரைக்கு 60 டிகிரி. அங்கயும் அரை இஞ்சுக்கு 14 பல்லுதான், அதனால வெளிநாட்டுல இருக்கிற சொந்தக்காரங்க அனுப்பின குழாய் நம்ம பைப்புல ரெண்டு மூணு சுத்து ஏறும். பொருந்திருச்சுன்னு நெனைப்போம். பல்லோட சாய்வு வேற, அதனால எவ்வளவு முறுக்கினாலும் கசியும். மரை கழண்டவன்கூடச் சேரலாம், மரை மாறினவன்கூடச் சேர முடியாது.

திருகுக் குழாய் பொறந்த கதை

ரோமானியக் கட்டைக் குழாய் மாதிரிதான் 1800களிலும் இருந்துச்சு. ஊருக்குப் பொதுவா உயரத்துல தொட்டி கட்டி, எந்நேரமும் அழுத்தத்தோட தண்ணி விட ஆரம்பிச்சதும் சிக்கல் வந்துச்சு. கட்டைக் குழாயைச் சட்டுன்னு மூடினா ஓடி வர்ற தண்ணி மோதிப் பைப்பு உதைக்கும். கரண்டு போய் மோட்டார் நின்னதும் டெலிவரி பைப்பு 'டொம்'னு உதறுமே, அதே கதைதான்.

1845ல இங்கிலாந்து ராதர்ஹாம் ஊர்ல கெஸ்ட் அண்டு கிரைம்ஸ்ங்கிற பித்தளைப் பட்டறை திருகுக் குழாய்க்குக் காப்புரிமை வாங்குச்சு. கீழ ஒரு துளை, மேல ஒரு வாஷர், வாஷரை அழுத்த மரை போட்ட தண்டு. பல சுத்து திருகினாத்தான் மூடும், அதனால தண்ணி மெதுவா நிக்கும், பைப்பு உதைக்காது. நல்லாக் கவனிச்சா நம்ம குமிழித் தூம்பும் இதேதான். துளை, அதை மேல இருந்து அடைக்கிற குமிழி. தூம்புல குமிழியைக் கையால தூக்கி இறக்கினாங்க. இதுல மரை அந்த வேலையைச் செய்யுது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நாம சின்ன வயசுல பார்த்த பித்தளைக் குழாய் எல்லாம் இந்த வம்சம். அதுக்கு வாஷர் தேஞ்சா தோல் வெட்டிப் போடுவாங்க. எங்க ஊர்ல பிஞ்சுபோன ரப்பர் செருப்பை வெட்டி வாஷர் போட்டு ரெண்டு வருசம் ஓட்டுவாங்க. அந்தக் குழாய்ல கெட்டுப் போறது ரெண்டு பைசா வாஷர்தான், உடம்பு கெடாது.

மெட்ராஸ்ல இருந்து எங்க ஊருக்கு

1872ல செங்குன்றம் ஏரித் தண்ணியைக் கீழ்ப்பாக்கம் வரைக்கும் திறந்த கால்வாய்ல கொண்டு வந்து, அங்கிருந்து வார்ப்பிரும்புப் பைப்புல மெட்ராஸ் நகரத்துக்குள்ள விட்டாங்க. வடிகட்டாத தண்ணி. 1914லதான் கீழ்ப்பாக்கத்துல மணல் வடிகட்டி வந்துச்சு. பட்டணத்துக்காரங்க குழாய்த் தண்ணி குடிக்க ஆரம்பிச்சு ரொம்ப வருசம் கழிச்சும் கிராமத்துல கிணறுதான். 1971ல தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் வந்தபிறகு மேல்நிலைத் தொட்டியும் தெருக்குழாயும் ஊர் ஊராப் பரவுச்சு.

இதுல சொல்லாம விடக்கூடாத ஒண்ணு இருக்குது. பொதுக்கிணத்துல யாரு எறைக்கலாம், யாரு தள்ளி நின்னு யாராச்சும் ஊத்துவாங்கன்னு காத்துக்கிடக்கணும்ங்கிறது ஊர்க் கட்டுப்பாடா இருந்த காலம் ரொம்ப தூரத்துல இல்லை. 1927ல மகாராஷ்டிரத்து மகாட் ஊர்ல பொதுக்குளத்துத் தண்ணியைக் கையில எடுத்துக் குடிக்கிறதுக்கே அம்பேத்கர் ஒரு போராட்டம் நடத்த வேண்டியிருந்துச்சு. குழாய் வந்தா எல்லாம் சரியாயிரும்னு நெனைச்சாங்க. உடனே ஆகலை. ஊருக்கு ஒரு குழாய், காலனிக்கு ஒரு குழாய்னுதான் பல கிராமத்துல வந்துச்சு. வீட்டுக்கு வீடு இணைப்பு வந்தபிறகு அந்தக் காத்திருப்பு கொறைஞ்சுது. 2019 ஆகஸ்ட் 15ல அறிவிச்ச ஜல் ஜீவன் திட்டத்துல ஒவ்வொரு கிராமத்து வீட்டுக்கும், ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் கணக்குல, குழாய் இணைப்புன்னு சொன்னாங்க. தண்ணி தினமும் வருதா இல்லையாங்கிறது தனிப் பேச்சு. ஆனா பண்ணாடி வீட்டுக் குழாயும் காலனி வீட்டுக் குழாயும் ஒரே அரை இஞ்சு, ஒரே 14 பல்லு. இது சின்ன விசயம் இல்லைங்க.

பைப்பு மரையை விட்டுருச்சு, குழாய் விடலை

எங்க சாளைக்கு அப்பாரு போட்டது ஜி.ஐ. பைப்பு. அதுல வண்ணப் பட்டை அடிச்சிருப்பாங்க: மஞ்சள்னா ஏ கிளாஸ், லேசானது. நீலம்னா பி கிளாஸ், நடுத்தரம். சிவப்புன்னா சி கிளாஸ், கனம். இணைப்புக்குச் சணல் நூலும் ஒயிட் லெட்டுனு ஒரு வெள்ளைப் பசையும். பேரைப் பார்த்தாலே தெரியும், அதுலயும் ஈயம். அதைச் சுத்தி இறுக்கினா சொட்டுத் தண்ணி வராது. பின்னால கழட்டறதுதான் பெரும்பாடு, பசை கல்லா இறுகியிருக்கும்.

இப்ப அந்த எடத்துக்கு வந்திருக்கிறது டெஃப்லான் டேப். 1938ல அமெரிக்காவுல பிளங்கெட்ங்கிற வேதியியலாளர் குளிர்பதன வாயு சம்பந்தமா ஆராயறப்ப தற்செயலாக் கிடைச்ச பொருள் அது. வழவழப்பா இருக்கிறதால மரை ஏர்றதும் சுலபம், நாளைக்குக் கழட்டறதும் சுலபம்.

பி.வி.சி. பைப்பு 1930களில ஜெர்மனியில வந்துச்சு. நம்ம மேட்டூர்லயே 1960களில பி.வி.சி. தயாரிக்க ஆரம்பிச்சாங்க. தோட்டத்துக்கு அது பெரிய வரம். துரு இல்லை, கனம் இல்லை, கம் தடவிச் சொருகினா முடிஞ்சுது. அப்புறம் சுடுதண்ணி தாங்கற சி.பி.வி.சி. வந்துச்சு. இதுல ஒரு வேடிக்கை பாருங்க. பைப்பு மரையை விட்டுட்டுக் கம்முக்கு மாறிருச்சு. குழாய் மாறலை. அதனால எந்தப் பிளாஸ்டிக் பைப்பு போட்டாலும் கடைசியில மரை போட்ட ஒரு துண்டை ஒட்டித்தான் குழாயை மாட்டியாகணும். 1841ல ஆரம்பிச்ச அளவு அங்க வந்து நிக்குது.

செவத்தை ஒடைக்கணுமா?

இப்ப பக்கத்துத் தோட்டத்துக்காரங்க கேட்ட கேள்விக்கு வர்றேன். எங்க வீட்டுக்கு மொதல்ல வந்து பார்த்தவர், "அண்ணா, பழைய ஜி.ஐ. எல்லாம் வேண்டாமுங்க, செவத்தைப் பூராக் கொத்தி சி.பி.வி.சி. போட்டுரலாம்"னு சொல்லிட்டாரு. அது மண் செவரு, மேல சுண்ணாம்புப் பூச்சு. கொத்தினா எங்க போய் நிக்கும்னு தெரியாது. அடுத்து வந்த வயசான பிளம்பர் ஒரு குழாயை மட்டும் கழட்டினாரு. பைப்பு வாய்ல விரலை விட்டுப் பார்த்தாரு. "மரை உசுரோட இருக்குதுங்க. பைப்பு இன்னும் கொஞ்ச நாள் வரும்"னாரு.

அவரு செஞ்சதை அப்படியே சொல்றேன், யாருக்காச்சும் உதவும்.

மொதல்ல கேட் வால்வை மூடி, கீழ்மட்டக் குழாயைத் திறந்து பைப்புத் தண்ணியை வடிச்சாரு. அப்புறம் எப்பவும் ரெண்டு ரிஞ்சு. ஒண்ணு பைப்பையோ சாக்கெட்டையோ அசையாமப் புடிக்க, இன்னொண்ணு குழாயைத் திருப்ப. ஒத்த ரிஞ்சை வச்சுத் திருகினா செவத்துக்குள்ள இருக்கிற எல்போவும் சேர்ந்து திரும்பும், அந்த மூட்டு உள்ளயே கசிய ஆரம்பிக்கும். ஈரம் வெளிய தெரியறதுக்குள்ள செவரு கரைஞ்சிருக்கும். ஏழு குழாய்ல அஞ்சு லேசாக் கழண்டுச்சு. ஆறாவதுக்குத் துரு இளக்கற எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி காத்திருந்தோம். ஏழாவது, பொடக்காளிக் குழாய், கழட்டறப்பவே பைப்பு நிப்பிளோட ஒடிஞ்சு வந்துருச்சு. பார்த்தா, மரை ஓரம் சவரப் பிளேடு மாதிரி தேஞ்சு கெடந்துச்சு.

அந்த எடம் மட்டும் ஏன் அப்படின்னு கேட்டா, அதுக்கும் ஒரு காரணம் இருக்குது. குழாய் பித்தளை, அதாவது செம்பும் துத்தநாகமும். பைப்பு துத்தநாகம் பூசின இரும்பு. ரெண்டும் தொட்டுக்கிட்டு நடுவுல உப்புத்தண்ணி நின்னா ஒரு சின்ன பேட்டரி மாதிரி ஆயிரும். அதுல கரையறது துத்தநாகப் பூச்சு. பூச்சு போனதும் இரும்பு. ஆழ்துளைக் கிணத்து உப்புத்தண்ணிக்கு மாறின வீடுகள்ல குழாய் மாட்டின எடத்துலயே மொதல்ல துரு வர்றது இதனாலதான். பழைய பித்தளைக் குழாய் ரோஸ் நிறமா மாறி, தட்டினா பொலபொலன்னு உதிர்றதும் உப்புத்தண்ணி வேலைதான். அதுல துத்தநாகம் போய்ச் செம்பு மட்டும் மிஞ்சியிருக்கும்.

அந்த ஒரு எடத்துல மட்டும் செவத்தைக் கொத்தி, நல்ல ஜி.ஐ. வரைக்கும் போய் அறுத்து, புது மரை வெட்டி, அங்கிருந்து சி.பி.வி.சி. எடுத்தோம். இரும்பையும் பிளாஸ்டிக்கையும் சேர்க்கிற எடத்துல பித்தளை மரை பதிச்ச துண்டைத்தான் போடணும். முழுப் பிளாஸ்டிக் பெண்மரைக்குள்ள இரும்பு ஆண்மரையை முறுக்கினா ஆப்பு வச்ச மாதிரி விரிஞ்சு வெடிக்கும். அன்னிக்கே வெடிக்காது, ஆறு மாசம் கழிச்சு நடுராத்திரியில வெடிக்கும்.

மத்த ஆறு எடத்துல மரையைக் கம்பி பிரஷ்ல தேச்சுச் சுத்தம் பண்ணி, புதுக் குழாய் மரையில டெஃப்லான் டேப்பை முறுக்கற பக்கமாவே சுத்தினாரு. எதிர்ப்பக்கம் சுத்தினா திருகத் திருக உருவிக்கிட்டு வந்துரும். நம்ம கடையில கிடைக்கிற மெல்லிசு டேப்புன்னா பத்து சுத்தாவது வேணும். முறுக்கி நேரா நிறுத்தினபிறகு, கோணலா இருக்குதுன்னு பின்னாடி திருப்பக்கூடாது. திருப்பினா கழட்டி மறுபடியும் சுத்தணும். சமையக்கட்டுல டைல்ஸ் ஒட்டினதுல பைப்பு வாய் உள்ள போயிருந்துச்சு. அதுக்கு எக்ஸ்டென்ஷன் நிப்பிள் ஒண்ணு போதும். அதுக்காகச் செவத்தைக் கொத்தச் சொன்னா ஒத்துக்காதீங்க.

குழாய் வாங்கறதுலயும் யோசனை வேணும். இப்ப வர்ற கால் திருப்புக் குழாய் பார்க்க அழகு, உள்ள ரெண்டு பீங்கான் தட்டு. நல்ல சாமான்தான். ஆனா சட்டுன்னு மூடறதுல அது ரோமானியக் கட்டைக் குழாய் ரகம். மணல் வர்ற போர் தண்ணின்னா தட்டு கீறிரும், வாஷர் மாதிரி செருப்பை வெட்டிப் போட முடியாது. அடுத்தது அழுத்தம். 10 மீட்டர் உயரத்துல தொட்டி இருந்தாத்தான் சுமார் ஒரு கிலோ அழுத்தம். நம்ம மொட்டை மாடித் தொட்டியில பாதிகூட வராது. அடுக்குமாடி வீட்டுக்குன்னு செஞ்ச ஒசத்தியான குழாயை மாட்டினா நூல் மாதிரிதான் ஊத்தும். நாங்க பொடக்காளிக்கும் மாட்டுத் தொட்டிக்கும் பழைய மாதிரி வாஷர் வச்ச பித்தளைக் குழாயே போட்டோம். ஐ.எஸ். 781ன்னு எண் பார்த்து வாங்கினோம்.

சொட்டறதைச் சும்மா விட்டுராதீங்க. ஒரு விநாடிக்கு ஒரு சொட்டுன்னா நாளைக்கு 86,400 சொட்டு. 20 சொட்டு ஒரு மில்லின்னு வச்சாலும் 4 லிட்டருக்கு மேல. ஒரு ஆள் ஒரு நாளைக்குக் குடிக்கிற தண்ணியைவிட அதிகம்.

அப்பாரு போட்ட பைப்பை நான் முழுசாக் காப்பாத்திட்டேன்னு சொல்ல வரலை. பத்துப் பதினஞ்சு வருசத்துல அதுவும் போயிரும், அப்ப செவத்தைக் கொத்தித்தான் ஆகணும். ஆனா அது மரை கெட்டபிறகு செய்யற வேலை. உள்ள இருக்கிறது நல்லா இருக்கிறப்ப வெளிய இருக்கிறதை மட்டும் மாத்த முடியுதுன்னா, அதுக்குக் காரணம் 180 வருசத்துக்கு முந்தி யாரோ போல்ட்டு போல்ட்டா அளந்ததும், அதுக்கப்புறம் வந்தவங்க யாரும் என் பட்டறைக்குத் தனி அளவுன்னு அடம் புடிக்காததும்தான்.

புது வீடு கட்டறவங்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். பூச்சு வேலை ஆரம்பிக்கிறதுக்கு முந்தி பைப்பு எந்த வழியாப் போகுதுன்னு போட்டோ எடுத்து வச்சுக்கங்க. பழைய வீட்டுல இருக்கிறவங்க, பைப்பு பதிச்சப்பக் கூட நின்ன பெரியவங்க யாராச்சும் இருந்தா இப்பவே கேட்டு ஒரு நோட்டுல வரைஞ்சு வச்சுக்கங்க. மரையை எந்தக் கடையிலயும் அளந்து வாங்கிக்கலாம். செவத்துக்குள்ள எது எங்க இருக்குதுங்கிறது அவங்க மனசுல மட்டும்தான் இருக்குது.